கத்தரிக்காயின் தொப்பியும் கொய்யாவின் கிரீடமும்

ஒரு கத்தரிக்காயையும் ஒரு கொய்யாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கத்தரிக்காயின் பச்சைத் தொப்பி காம்புப் பக்கம் இருக்கிறது. கொய்யாவிலோ காம்புக்கு நேர் எதிரே, நுனியில் காய்ந்துபோன சிறு கிரீடம். இரண்டும் ஒரே உறுப்புதான்: மொட்டை மூடியிருந்த புல்லி இதழ்கள்.

காயாக மாறுவது பூவின் நடுவில் உள்ள சூற்பை. கத்தரிப் பூவில் அது புல்லிகளுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அது பருக்கும்போது புல்லிகள் அடியிலேயே தங்கிவிடுகின்றன. தக்காளி, மிளகாய் எல்லாம் அப்படித்தான். மூன்றும் சொலானேசி குடும்பம். கொய்யாப் பூவில் சூற்பை புல்லிகளுக்குக் கீழே இருப்பதால், காய் பருத்ததும் அவை தலைக்கு மேலே போய்விடுகின்றன. கொய்யாவின் உறவான நாவல்பழத்தின் நுனியிலும் அந்த வளையம் உண்டு. சரி, மாதுளைக்கும் கிரீடம் இருக்கிறதே? அது வேறு குடும்பம். ஒற்றை அடையாளத்தை நம்பி இறங்கினால் இப்படித்தான் ஏமாற வேண்டியிருக்கும்.

முருங்கைக்காய் இதைவிடப் பெரிய ஏமாற்று. நீளமாகத் தொங்குவதைப் பார்த்து அவரைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று நினைத்தால் தவறு. அவரைக்காய் ஒரே ஒரு சூலக இலையால், அதாவது சூற்பையாக உருவாகும் இலை போன்ற உறுப்பால், ஆனது. ஓர் இலையை நடு நரம்பில் மடித்து, ஓரங்களை ஒட்டியது போன்ற அமைப்பு. சமைக்கும்முன் நாம் இருபுறமும் உரிக்கும் நார்களில் ஒன்று அந்த மடிப்பு, மற்றொன்று ஒட்டிய ஓரம். விதைகள் ஒட்டிய ஓரத்தில்தான் தொங்கும். வெந்த முருங்கைக்காயோ மூன்று கீற்றாகப் பிரியும், ஏனென்றால் அது மூன்று சூலக இலைகள் சேர்ந்து உண்டானது. விதைக்கும் மூன்று இறக்கைகள்.

அவரைக் குடும்பத்தில் பூவை மட்டும் பார்த்தால் குழப்பம்தான். அவரை, அகத்தி, சங்குப்பூ மூன்றிலும் பெரிய கொடி இதழ் ஒன்று, பக்கத்துக்கு ஒரு சிறகு, படகு போலச் சேர்ந்த இரண்டு இதழ்கள். சரக்கொன்றையில் ஐந்து இதழ்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி விரிந்திருக்கும். கருவேலம்பூ வெறும் மஞ்சள் உருண்டை. உறவென்று யார் சொல்வார்கள்? காய் சொல்கிறது. எல்லாம் ஒற்றைச் சூலக இலையில் உருவான நெற்று.

இந்தக் குழப்பத்தில் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸே சிக்கினார். 1753-இல் வெளியான அவருடைய நூலில் செடிகளைப் பெரும்பாலும் மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையை வைத்தே வகுப்புகளாகப் பிரித்தார். புளியம்பூவில் மகரந்தம் தரும் வளமான தாள்கள் மூன்றுதான். எனவே புளியமரம் போய்ச் சேர்ந்தது கோரையும் அறுகம்புல்லும் இருந்த வகுப்பில்! எண்ணிப் பார்க்க எளிதான முறை. அதற்காகப் புளியமரம் கோரைக்குச் சொந்தமாகிவிடுமா? 1789-இல் பிரான்சின் அந்துவான் லோரான் த ஜுஸ்ஸியூ பல பண்புகளைச் சேர்த்து எடைபோட்டுக் குடும்பங்களை வகுத்தார். இன்று நாம் குடும்பம் என்று சொல்வதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

செம்பருத்திக் குடும்பமான மால்வேசியில் கதை தலைகீழ். இங்கே பூதான் காட்டிக்கொடுக்கும். செம்பருத்தி, வெண்டை, பருத்தி, பூவரசு, துத்தி எதை எடுத்தாலும் ஐந்து இதழ்கள், மொட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கிக்கொண்டிருக்கும். தாள்கள் எல்லாம் அடியில் ஒட்டி ஒரு குழாயாகி, அதற்குள்ளேயே சூல்தண்டு நுழைந்து மேலே வரும். வெண்டைப்பூவையும் பூவரசம்பூவையும் கையில் கொடுத்தால் சட்டென்று வித்தியாசம் சொல்வது கடினம். இரண்டும் மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்பு. காய்களோ வேறுவேறு வழியில் போகின்றன. வெண்டை நீண்டு குழம்புக்குப் போகிறது, பருத்தி வெடித்துப் பஞ்சாகிறது, துத்திக்காய் சக்கரம் போல நின்று துண்டு துண்டாகப் பிரிகிறது.

இலவ மரம் நெடுங்காலம் தனிக் குடும்பத்தில் இருந்தது. மரபணு ஒப்பீட்டை அடிப்படையாகக் கொண்டு 1998-இல் வந்த வகைப்பாடு அதைப் பருத்தியோடு மால்வேசியில் சேர்த்தது. பஞ்சுக்குப் பஞ்சு என்று இதை எளிதாக ஏற்றுக்கொள்ளத் தோன்றும். ஆனால் பஞ்சை வைத்து உறவு சொல்ல முடியாது. பருத்தியில் அது விதைத்தோலிலேயே முளைத்த முடி. இலவில் காயின் உட்சுவரிலிருந்து வந்தது. அதனால்தான் இலவம்பஞ்சைத் தட்டினாலே விதை உதிர்ந்துவிடுகிறது, பருத்தியை மட்டும் ஜின்னிங் மில்லுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது.