தைப்பதற்கு முன் ஒரு தையல்

பிரித்துத் தைக்கச் சொல்லி யாராவது பட்டு ப்ளவுஸைக் கொண்டுவந்தால், முதலில் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். பழைய தையல் ஓடிய வழியெல்லாம் ஊசி ஓட்டைகள் வரிசையாகத் தெரியும். பருத்தித் துணி என்றால் நனைத்து அயர்ன் செய்ததும் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். பட்டில் ஊசி போன இடம் போனதுதான். அக்குளில் அரை இஞ்ச் தளர்த்திக் கொடுத்தால், உள்ளே மறைந்திருந்த ஓட்டைகள் வெளியே வந்துவிடும்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாண ப்ளவுஸை நானே அப்படிச் செய்திருக்கிறேன். அளவு சரியாகத்தான் எடுத்தேன், ஆனால் போட்டுப் பார்க்க வைக்காமல் ஒரேயடியாகத் தைத்து முடித்துவிட்டேன். கைக்குழி இறுக்கியது. பிரித்துத் தளர்த்தினேன், ஓட்டைகள் தெரிந்தன. மணப்பெண்ணின் அம்மா, "பரவாயில்லம்மா, முந்தானையில மறைஞ்சிடும்" என்றார். அந்தப் பெருந்தன்மை என்னை இன்றுவரை விடவில்லை. தைக்கக் கற்றுக்கொள்ள வருகிற பெண்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது ஓட்டுத் தையல்தான்.

புத்தகங்களில் இதைத் தற்காலிகத் தையல் என்பார்கள். பிறகு உருவி எடுப்பதற்காகவே போடுகிற நீளத் தையல். கையால் போடுவது எல்லோருக்கும் தெரியும். மெஷினிலும் போடலாம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை இது.

வழக்கமாக ஒரு இஞ்சுக்குப் பத்துத் தையல் விழும்படி, அதாவது 2.5 மில்லிமீட்டரில், வைத்திருப்போம். ஓட்டுத் தையலுக்கு, தையல் நீளத்தை மாற்றும் லீவரை உங்கள் மெஷின் அனுமதிக்கும் அதிக நீளத்துக்குக் கொண்டுபோங்கள். 4 அல்லது 5 மில்லிமீட்டர் வந்தால் போதும். அடுத்தது டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம். மேல்நூல் டென்ஷனை ஒன்றிரண்டு எண் குறையுங்கள். பயன் இதில்தான் இருக்கிறது: மேல்நூல் தளர்ந்தால் பாபின் நூல் (மெஷினின் அடியில் இருக்கும் சின்ன உருளையிலிருந்து வருவது) அடியில் நேர்கோடாகப் படுத்துக்கொள்ளும், மேல்நூல் அதன்மேல் சும்மா வளைந்து உட்காரும். அப்புறம் பாபின் நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் கழன்று வரும். பாபினில் வேறு நிற நூல் போட்டுவிட்டால் எதை இழுப்பது என்ற குழப்பமே இல்லை. ஆனால் வெள்ளைத் துணியில் அடர் சிவப்பு, கறுப்பு நூல் வேண்டாம். உருவிய பிறகும் நூலின் தூசி ஓட்டைகளில் தங்கிவிடும்.

தொடக்கத்திலும் முடிவிலும் ரிவர்ஸ் அடிக்க, அதாவது பின்னோக்கித் தைத்து நூலை இறுக்க, கூடாது. கை பழக்கத்தில் தானாக ரிவர்ஸ் லீவருக்குப் போகும், கவனமாக இருங்கள். இரண்டு பக்கமும் நாலு இஞ்ச் நூல் விட்டு வெட்டுங்கள். நிரந்தரத் தையல் வரப்போகிற கோட்டின் மேலேயே ஓட்டாமல், ஓரத்தின் பக்கமாக ஒரு நூலளவு தள்ளி ஓட்டுங்கள். அப்படிச் செய்தால் இரண்டு நூலும் பின்னிக்கொள்ளாது.

லைனிங்கும் மேல்துணியும் சேர்த்து ஓட்டும்போது, முடிக்கிற இடத்தில் ஒன்று நீண்டு நிற்கிறது என்பது எல்லோரும் சொல்லும் குறை. வெட்டில் தவறு இல்லை. அடியில் இருக்கும் பல், கீழ்த்துணியைத்தான் பிடித்துத் தள்ளுகிறது. மேலே இருப்பது, துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தில் உரசிப் பின்தங்கும். அதனால் எந்தத் துணி சற்றுத் தளர்வாக, கூடுதலாக இருக்கிறதோ அதைக் கீழே வையுங்கள். பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள்.

குண்டூசி குத்தி, அதன் மேலேயே மெஷினை ஓட்டுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஊசி குண்டூசியில் மோதி உடைந்தால் முனை எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது, குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் நம் கண் மிக அருகில் இருக்கிறது. மெஷின் ஊசி நெருங்கும்முன் குண்டூசியை எடுத்துவிடுங்கள். ஓட்டுத் தையல் போட்டுவிட்டால் அடுத்த சுற்றில் குண்டூசியே தேவைப்படாது.

இனி பட்டுக்கு வருகிறேன். பட்டிலும் வெல்வெட்டிலும் தையல் கோட்டில் மெஷின் ஓட்டுத் தையல் போடவே கூடாது. நான் செய்வது இதுதான்: லைனிங் துணியை முதல்நாளே நனைத்துக் காயவைத்துவிடுவேன், சுருங்குவதெல்லாம் அப்போதே சுருங்கட்டும். பிறகு லைனிங்கை மட்டும் வெட்டி, டாட் (உடல் வளைவுக்கு ஏற்பப் பிடிக்கும் மடிப்பு), தோள், பக்கம், கை எல்லாவற்றையும் மெஷினில் ஓட்டித் தைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். முன்பக்கத்தைக் குண்டூசியால் பிடித்து, கையை மேலே தூக்கச் சொல்லி, உட்காரச் சொல்லிப் பார்ப்பேன். இழுக்கும் இடத்தில் சாக்கால் கோடு. எல்லாம் சரி என்றதும் ஓட்டுத் தையலை உருவி, திருத்திய லைனிங்கை வைத்துத்தான் பட்டில் கத்தரி போடுவேன். பட்டையும் லைனிங்கையும் சேர்க்கும்போது 9 அல்லது 11 நம்பர் ஊசி, ஓரத்தை ஒட்டி ஒரே ஓட்டம். அந்த ஓட்டைகள் கடைசிவரை உள்ளேயே இருந்துவிடும்.

கடைசி அயர்னுக்கு முன் வெளியே தெரியும் ஓட்டுநூல் அனைத்தையும் உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் நூலின் தடம் துணியில் அழுந்திவிடும். உருவ வராமல் சிக்கினால் பலம் கொடுக்காதீர்கள். மூன்று இஞ்சுக்கு ஒரு இடத்தில் மேல்நூலை வெட்டிவிட்டுப் பிறகு இழுங்கள்.

இன்னொன்று, வேலை முடிந்ததும் லீவரையும் டென்ஷனையும் பழைய எண்ணுக்குத் திருப்புங்கள். என்னிடம் கற்ற ஒரு பெண் இதை மறந்து, நிரந்தரத் தையலையும் அதே நீளத்தில் போட்டுக் கொடுத்துவிட்டாள். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கியபோது அந்த ப்ளவுஸ் அக்குளிலிருந்து பிரிந்திருக்கிறது. இப்போது எங்கள் மெஷின்கள் ஒவ்வொன்றிலும் "2.5" என்று எழுதிய சின்னத் தாள் ஒட்டியிருக்கிறது.