பச்சை உடம்புக்கு எது ஓய்வு?

சிசேரியன் முடிந்து ஒன்பதாம் நாள் தையலைக் காட்ட வந்திருந்தார் அந்தப் பெண். தையல் அழகாக ஆறியிருந்தது. ஆனால் உதடு வெடித்து, நாக்கு வறண்டு, நெற்றியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாகத் தலைவலி. படுத்தாலும் விடவில்லை என்றார். உடன் வந்த அம்மாவுக்கோ முகத்தில் பெருமை. "கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லை டாக்டரம்மா. தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்கிறேன்."

அன்றே ஸ்கேனுக்கு அனுப்பினேன். மூளையிலிருந்து இரத்தத்தை வெளியேற்றும் சிரைக்குழாயில் இரத்தம் உறைந்திருந்தது. வலிப்பு வருவதற்குள் கண்டுபிடித்துவிட்டதால் மருந்திலேயே சரியானது. மகப்பேறு மருத்துவர்களுக்கு இது புதிய கதை அல்ல. பிரசவத்தில் இரத்தப்போக்கு உயிரைக் குடித்துவிடாமல் இருக்க, கர்ப்ப காலத்தில் இரத்தம் தானாகவே எளிதில் உறையும் தன்மைக்கு மாறுகிறது. பிள்ளை பிறந்து ஆறு வாரம் வரை அது முழுதாகத் தணிவதில்லை. அறுவை சிகிச்சை நடந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். அதன்மேல் அசையாமல் படுக்கவும் வைத்து, தண்ணீரையும் நிறுத்தினால், உறைவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் நாமே செய்து கொடுத்தது போலாகிவிடும்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் அன்பாகத்தான் செய்தார்; அவருடைய அம்மா செய்ததைத்தான் செய்தார். நம் பத்தியமெல்லாம் வீட்டில் நடந்த சுகப்பிரசவத்துக்காக உருவானவை. பாட்டிகளுக்குப் பிரசவம் தெரியும், வயிற்று அறுவை தெரியாது. இன்று நிலைமை வேறு. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறத்தாழ 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 60க்கும் மேல். இவற்றில் தேவையானது எவ்வளவு என்பது தனிச் சண்டை. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

ஓய்வு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நம் வீடுகளில் அது தலைகீழாகக் கொடுக்கப்படுகிறது என்பதுதான் என் வருத்தம். நடக்க வேண்டிய முதல் பத்து நாள் படுக்க வைக்கிறோம். முப்பது நாள் கழிந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் "உடம்பு தேறிவிட்டது" என்று குடத்தைத் தூக்கவிடுகிறோம்.

மருத்துவர் வேறு காரணம் சொல்லித் தடுக்காத வரை, முதல் 24 மணி நேரத்துக்குள் எழுந்து சில அடியாவது நடக்க வேண்டும். வலிக்கும், தையல் பிய்ந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கும். மல்லாந்த நிலையிலிருந்து அப்படியே எழாதீர்கள். முழங்காலை மடக்கி, ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுந்து உட்காருங்கள். தலை சுற்றல் நிற்கும்வரை இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்து, யாராவது அருகில் இருக்க நில்லுங்கள். இருமலோ தும்மலோ வந்தால், சிரிப்பு வந்தாலும்தான், ஒரு தலையணையைத் தையல்மேல் வைத்து அழுத்திக்கொள்ளுங்கள். வார்டில் எங்கள் செவிலியர்கள் முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

வலி மாத்திரையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தவிர்ப்பதும் வீரமல்ல. வலித்தால் தாய் அசையமாட்டார், ஆழமாக மூச்சு இழுக்கமாட்டார், பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளவும் தயங்குவார். பாராசிட்டமால் போன்றவை பாலூட்டும் தாய்க்கு ஏற்றவை. எழுதிக் கொடுத்த நேரத்தில் போட்டுக்கொள்ளுங்கள். வலி ஏறிய பிறகு அடக்குவது கடினம். கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை மட்டும் வேண்டாம்.

தண்ணீர் குடித்தால் தையலில் சீழ் கட்டும், வயிறு பெருக்கும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்கிறார்கள். மூன்றும் உண்மை இல்லை. தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும். முக்கினால் தையல் வலிக்கும். சிறுநீரில் கிருமி சேரவும் வழியாகும். பூண்டுக் குழம்பு, கருவாடு, சுறாப்புட்டு எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். அவற்றோடு முட்டை, பருப்பு, கீரை, பழம் ஆகியவற்றையும் விலக்காமல் கொடுங்கள். புண் ஆறுவது புரதத்தால்தான்.

பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டும் சுடுநீரான வேது தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தையலைச் சுற்றியுள்ள தோல் பல மாதங்கள் மரத்துப் போயிருக்கும். கொதிக்கக் கொதிக்க வயிற்றில் அடித்து ஊற்றினால் சூடு தாய்க்கே தெரியாது. கொப்புளம் எழும்பிய பிறகுதான் தெரியும். வெதுவெதுப்பான நீரில் சாதாரணமாகக் குளித்தால் போதும். சோப்பு நீர் தையல்மேல் வழியட்டும், தேய்க்க வேண்டாம். பிறகு ஒற்றித் துடையுங்கள். வயிறு மடிந்து தையல்மேல் விழுபவர்களுக்கு அந்த மடிப்பில் ஈரம் தங்கித்தான் புண் வைக்கிறது. மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டும் துணியால் வயிறு உள்ளே போகாது. நடக்கும்போது தாங்கலாக இருக்கிறது என்றால் மருத்துவரைக் கேட்டு பெல்ட் போடலாம்.

இனி அந்தத் தலைகீழ் ஓய்வின் இரண்டாம் பாதி, முப்பது நாளில் குடத்தைத் தூக்கவிடுவது. வெளித்தோல் ஒரு வாரம், பத்து நாளில் ஒட்டிவிடும். அடியில் வயிற்றுத் தசையைப் போர்த்தியிருக்கும் தடித்த உறையையும் வெட்டித் தைத்திருக்கிறோம். அது பலம் பெற மாதக்கணக்காகும். மேலே காய்ந்த தழும்பைப் பார்த்து எல்லாரும் ஏமாறுவது இங்கேதான். ஆறு வாரம்வரை குழந்தையை விடக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்பது நான் சொல்லும் கணக்கு. தண்ணீர்க் குடம், ஈரத்துணி நிறைந்த வாளி, அரிசி மூட்டை எதுவும் கூடாது.

எனக்கு அதிகக் கவலை தருபவர்கள் இரண்டாவது பிள்ளை பெற்றவர்கள்தான். முதல் பிள்ளைக்குத் தாய்வீடு, மூன்று மாதம், ஆளுக்கொரு வேலை. இரண்டாவதற்கு "பழகியவள்தானே" என்று புகுந்த வீட்டிலேயே இருந்துவிடுகிறார். பதினைந்தாம் நாள் அடுப்படியில் நிற்கிறார். அதே இடத்தில் மறுபடி வெட்டப்பட்ட வயிறு அது. கூடவே, புதுக் குழந்தையைக் கண்டு ஏங்கி "தூக்கு" என்று அழும் இரண்டு வயது மூத்தது. அதைத் தூக்காதே என்று தாயிடம் சொல்வது எளிது. உட்கார்ந்துகொண்டு, அதையே மடியில் ஏறிவரச் சொல்லுங்கள் என்பேன். இரவில் பாலூட்டிய பிறகு குழந்தையை ஏப்பம் விடவைத்துத் தூங்கச் செய்யும் வேலையைத் தந்தை எடுத்துக்கொண்டால் தாய்க்கு ஒரு மணி நேரத் தூக்கம் கூடும். அதற்கு எந்த மருந்துச் சீட்டும் ஈடாகாது.

முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால், பிள்ளைமேல் பற்றே வரவில்லை என்றால், அது மனநோய்க்கான சிகிச்சை வேண்டிய நிலை. அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே பேசலாம்.

ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதாக நனைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ நேரம் பார்க்காமல் 108ஐ அழையுங்கள். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, தையல் சிவந்து சீழ் வடிதல், ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தல், விடாத தலைவலி, பார்வை மங்கல் என்றால் அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். முதுகில் போட்ட ஊசியாலும் சிலருக்குத் தலைவலி வரும். உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். அதையும் நாங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போதெல்லாம் வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துச் சீட்டின் முதல் வரியில் "தண்ணீர்: தினமும் மூன்று லிட்டர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். வாயால் சொன்னதை மறுக்கும் வீடுகள்கூட சீட்டில் இருப்பதை மீறுவதில்லை. சென்ற வாரம் ஒரு பாட்டி சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, மிகுந்த அக்கறையோடு கேட்டார்: "இது சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா?"