தர்மபுரி 59, தருமபுரி 29

பாலக்கோட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தர்மபுரியில் கர்நாடக இசை ரசிகர்கள் கூடிப் புதிர் போடும் இடத்துக்கு நண்பருடன் வந்திருந்தேன். ஒருவர் 'காங்கேயபூஷணி' என்றார். எதிரில் இருந்தவர் விரல்விட்டு ஏதோ எண்ணினார். அரை நிமிடத்தில் அந்த ராகத்தின் ஸ்வரங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, 'இதை யாரும் பாடி நான் கேட்டதில்லை' என்றார். கேட்காத ராகத்தின் ஸ்வரம் எப்படித் தெரியும்?"

தெரிய வேண்டியதில்லை, வகுக்கத் தெரிந்தால் போதும். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பாதிப் பேருக்குப் பாட வராது. கச்சேரி கேட்பதும் கடலை கொறிப்பதும் புதிர் அவிழ்ப்பதும்தான் தொழில். இயற்றியவர் யார், எந்த ராகம் என்ற கேள்விகளுக்கு நினைவு வேண்டும். ராகத்தின் பெயரைச் சொல்லி ஸ்வரம் கேட்பது வேறு ஜாதி. அங்கே விடை கேள்விக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

பள்ளியில் பாட்டு வகுப்புக்குப் போனவர்களுக்குத் தெரிந்த சங்கதியை வேகமாகத் தாண்டிவிடுவோம். ஒரு ஸ்தாயியில், அதாவது ஒரு ஸவிலிருந்து அடுத்த ஸ வரை, 12 ஸ்வரஸ்தானங்கள். ஸவும் பவும் அசையாது. மத்திமம், அதாவது ம, இரண்டு வகை: சுத்தம், பிரதி. ஸவுக்கும் சுத்த மத்திமத்துக்கும் நடுவே நான்கு இடங்கள். அவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுத்து, கீழே இருப்பதை ரி என்றும் மேலே இருப்பதை க என்றும் வைத்துக்கொள்ளலாம். நான்கில் இரண்டைத் தேர்ந்தெடுக்க ஆறு வழிகள். பவுக்கு மேலே த, நி இரண்டுக்கும் இதே கதை, இன்னொரு ஆறு. ஆறு பெருக்கல் ஆறு பெருக்கல் இரண்டு, ஆக 72. மேளகர்த்தா ராகங்கள், அதாவது மற்றவற்றுக்குத் தாயான ராகங்கள், 72 என்பதன் முழுக் காரணமும் இவ்வளவுதான். 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் ஆட்சியில் இருந்த வேங்கடமகி இந்தக் கட்டத்தை வரைந்தபோது, 72இல் 19தான் புழக்கத்தில் இருப்பதாக அவரே சொல்கிறார். மீதி எல்லாம் காலி அறைகள்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அந்த ஆறு ஜோடிகளை எந்த வரிசையில் அடுக்குவது? இடங்களை 1, 2, 3, 4 என்று வைத்தால், ஜோடிகள் 12, 13, 14, 23, 24, 34. அகராதியில் சொற்கள் வரும் அதே ஒழுங்கு. இவற்றுக்குப் பூஜ்ஜியத்திலிருந்து ஐந்து வரை எண் கொடுத்துவிடுங்கள். மேள வரிசை பழைய மின்மீட்டரின் சக்கரங்களைப் போல ஓடுகிறது: வலக்கோடியில் த–நி ஜோடி ஒவ்வொரு ராகத்துக்கும் நகரும், அது ஒரு சுற்று முடித்தால் ரி–க ஜோடி ஒரு படி நகரும், அதுவும் ஒரு சுற்று முடித்தால், அதாவது 36 ராகங்கள் கடந்தால், மத்திமம் மாறும். ஆகவே மேள எண் தெரிந்தால் ஒன்றைக் கழித்து ஆறால் வகுக்க வேண்டியதுதான். ஈவு ரி–க ஜோடியைச் சொல்லும், மீதி த–நி ஜோடியைச் சொல்லும். எண் 36ஐத் தாண்டியிருந்தால் முதலில் 36ஐக் கழித்துவிட்டுப் பிரதி மத்திமம் என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

காங்கேயபூஷணி 33ஆவது மேளம். ஒன்றைக் கழித்தால் 32. ஆறால் வகுத்தால் ஈவு 5, மீதி 2. ஐந்தாம் எண் ஜோடி 34, இரண்டாம் எண் ஜோடி 14. ஷட்சுருதி ரிஷபம் (3ஆம் இடத்து ரி), அந்தர காந்தாரம் (4ஆம் இடத்து க), சுத்த தைவதம் (1ஆம் இடத்து த), காகலி நிஷாதம் (4ஆம் இடத்து நி), மத்திமம் சுத்தம். பாலக்கோட்டு அன்பர் பார்த்த விரல் வித்தை இதுதான்.

33 என்பது எப்படித் தெரிந்தது? பெயரிலேயே இருக்கிறது. கடபயாதி என்ற முறைப்படி வடமொழி மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நான்கு ககரங்களுக்கு 1 முதல் 4, ங 5, சகர ஜகரங்கள் நான்குக்கு 6 முதல் 9, ஞ 0. டகரத்திலிருந்து மறுபடி 1 தொடங்கும். நான்கு தகரங்கள் 6 முதல் 9, ந 0. பகரங்கள் 1 முதல் 4, ம 5. பிறகு ய 1, ர 2, ல 3, வ 4, மூன்று சகர வகைகள் (ஶ, ஷ, ஸ) 5, 6, 7, ஹ 8. தனி உயிருக்குப் பூஜ்ஜியம். பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை எண்ணாக்கித் திருப்பிப் போட வேண்டும். மாயாமாளவகௌளையில் ம 5, ய 1, திருப்பினால் 15. காங்கேயபூஷணியில் கா, கே இரண்டுமே வடமொழியின் மூன்றாம் ககரம், 3, 3, திருப்பினாலும் 33. இசைக்காரர்கள் கண்டுபிடித்த முறை இல்லை இது. கேரள வானியலாளர்கள் 7ஆம் நூற்றாண்டிலேயே கிரகக் கணக்குகளை இப்படிச் செய்யுளாக்கினார்கள். குருவாயூரப்பனைப் பாடும் வடமொழி நூலான நாராயணீயத்தின் கடைசிச் சொற்றொடர் 'ஆயுராரோக்ய ஸௌக்யம்' என்பதைப் பிரித்தால் 1712210 என்ற கலியுக நாள், அதாவது கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணிய நாள், கிடைக்கும். அது 1586ஆம் ஆண்டில் விழுகிறது. இத்தகைய சுவடிகளைப் படித்து அச்சேற்றுகிறவர்களுக்குக் கிடைக்கும் நிதி போதாது என்பது என் நெடுநாள் புலம்பல். புலம்பி என்ன, ராகத்துக்கு வருவோம்.

அண்மையில் எங்கள் கூட்டத்தில் நாகசுரக் குடும்பத்துப் பெண் ஒருவர் ஒரு புதிர் போட்டார். சுத்த மத்திம ராகம் ஒவ்வொன்றுக்கும் மத்திமம் மட்டும் மாறிய ஜோடி உண்டு. சங்கராபரணத்துக்குக் கல்யாணி போல. ஒரு ராகத்தின் எண்ணைத் திருப்பிப் போட்டால் அந்த ஜோடியின் எண் கிடைக்க வேண்டும். அப்படி எத்தனை ஜோடிகள்? பாடுகிறவர்கள் முதல் மேளமான கனகாங்கியிலிருந்து வாய்க்குள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். சங்கராபரணத்தையும் கல்யாணியையும் காதால் பிரிக்கத் தெரியாத, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் கடலை மடித்த தாளைப் பிரித்து மடியில் நீவிவிட்டார். பத்தாம் இடம் அ, ஒன்றாம் இடம் இ. திருப்பினால் கூடுவது ஒன்பது மடங்கு (இ − அ). ஜோடிக்கு இடையே வித்தியாசம் எப்போதும் 36. ஆகவே இ − அ = 4. "04, 15, 26. அடுத்தது 37, அதைத் திருப்பினால் 73, அது மேளத்திலேயே இல்லை. மூன்றே ஜோடி அம்மா, சரியா?" என்றார்.

சரிதான். 15 மாயாமாளவகௌளை, 51 காமவர்த்தினி. 26 சாருகேசி, 62 ரிஷபப்ரியா. எல்லாவற்றிலும் அழகானது முதல் ஜோடி: 4 வனஸ்பதி, 40 நவநீதம். வ–ந என்ற எழுத்துகளே ந–வ என்று இடம் மாறி நிற்கின்றன! 72 வந்தது நான்கில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் கணக்கிலிருந்து. பத்தடிமானம் வந்தது நம் விரல்களிலிருந்து. 36 ஒன்பதால் வகுபட்டதால் இரண்டும் இந்த ஒரு மூலையில் கைகுலுக்கிக்கொண்டன. 36க்குப் பதில் 35 இருந்திருந்தால் ஒரு ஜோடியும் தேறியிருக்காது.

தோடிக்கு முன்னால் ஹனுமன் ஏன் வந்து நிற்கிறார் என்று பலர் கேட்பார்கள். பக்தி காரணமில்லை. தோடி பழைய ராகம்; அதற்கு 8 என்ற எண் விழுந்தபோது ஹ 8, ந 0 வேண்டியிருந்தது. முத்துஸ்வாமி தீக்ஷிதர் மரபில் அதுவே ஜனதோடி: ஜ 8, ந 0. கல்யாணிக்கு ஒரு மரபில் 'மேச', இன்னொன்றில் 'சாந்த'; இரண்டும் 65. பெயர்கள் சண்டை போட்டாலும் எண் ஒன்றுதான். ஆனால் பெயர் வைத்தவர்கள் கூட்டெழுத்தில் கொஞ்சம் கைவரிசை காட்டியிருக்கிறார்கள். ரத்னாங்கியில் கடைசி மெய்யான ந கணக்கில் வரும், சக்ரவாகத்தில் முதல் மெய்யான க வரும். எண்ணுக்கு எது வசதியோ அது. எங்கள் சச்சரவுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

தமிழில் எழுதிக் காட்டினால் இன்னொரு வில்லங்கம். கீரவாணி, கரஹரப்ரியா, கௌரிமனோஹரி மூன்றும் நம் எழுத்தில் க, ர என்றே தொடங்குகின்றன. எண்களோ 21, 22, 23. முதல் ககரம், இரண்டாம் ககரம், மூன்றாம் ககரம் என்ற வேறுபாடு தாளில் தெரியாது, நாக்கில்தான் தெரியும். அதனால் எங்கள் கூட்டத்தில் புதிரை எழுதிக் காட்டுவதில்லை; உரக்கச் சொல்ல வேண்டும் என்பது விதி.

ஊர்ப் பெயர்களை வைத்து விளையாடத் தொடங்கியதும் கூட்டம் களைகட்டியது. தர்மபுரிக்கு த 9, ம 5: 59ஆவது மேளம், தர்மவதியேதான். கிருஷ்ணகிரிக்கு வடமொழி உச்சரிப்பில் க 1, ண 5: 51, காமவர்த்தினி, நாம் பந்துவராளி என்று கேட்பது. ஒகேனக்கல்லைக் கன்னடக்காரர்கள் ஹகரம் போட்டுச் சொல்வார்கள்: ஹ 8, மூன்றாம் ககரம் 3, அதாவது 38. அந்த ராகத்தின் பெயர் ஜலார்ணவம், நீர்க்கடல்! புதிதாக வந்திருந்த ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு, முன்னோர்கள் எதையும் காரணமில்லாமல் செய்யவில்லை என்று தொடங்கிவிட்டார்.

இங்கேதான் எனக்குக் கோபம் வரும். ஊர்ப் பெயரை அரசு அலுவலகப் பலகையில் உள்ளபடி 'தருமபுரி' என்று எழுதுங்கள். இரண்டாம் எழுத்து ரகரம் ஆகிவிடும், 29, தீரசங்கராபரணம். 'கிருஷ்ணகிரி'யைத் தமிழில் எழுதியபடி எழுத்தெண்ணினால் 21, கீரவாணி. ஒகேனக்கல்லைத் தமிழில் உயிரெழுத்தில் தொடங்கினால் 30, நாகநந்தினி. அருவியும் நீரும் காணாமல் போயின. இரண்டு எழுத்தில் வரக்கூடிய எண்கள் நூறு, ராகம் உள்ளவை 72. எந்த ஊரைப் போட்டாலும் பெரும்பாலும் ஏதாவது ஒன்று விழத்தான் செய்யும், அதில் பொருத்தமானதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் அதிர்ஷ்டம் வரும் என்று காசு வாங்குகிற எண்கணிதக்காரர்கள் பிழைப்பதும் இந்த ஒரே ஓட்டையில்தான். கடபயாதி அப்படிப்பட்டதில்லை. அதில் எண் முதலில் இருந்தது, பெயர் அதற்குத் தைத்த சட்டை.

ஓசூருக்கு மட்டும் இன்னும் வழக்குத் தீரவில்லை. ஹகரத்தோடு சொன்னால் 78, ராகமே கிடையாது. தமிழில் ஓகாரத்தோடு தொடங்கினால் 70, நாசிகாபூஷணி. ஓசூர் நண்பர் இரண்டாவதைத்தான் ஏற்பேன் என்கிறார். நடுவில் இருப்பது எந்தச் சகரம் என்று கணித ஆசிரியர் கேட்டிருக்கிறார். அது தமிழ்ச் சகரம் என்றால் 60, நீதிமதி.