கன்சாஸின் பழுப்பும் மஸ்லின் சூறாவளியும்

எம்ஜிஎம் நிறுவனம் 1939இல் வெளியிட்ட 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தின் முதல் இருபது நிமிடத்தில் வண்ணமே கிடையாது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்துப் பண்ணை வீடு, வேலி, பன்றிப்பட்டி, வானம் எல்லாம் ஒரே பழுப்பு. பிறகு சுழற்காற்று வந்து வீட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. வீடு எங்கோ போய்த் தரையில் மோதுகிறது. சிறுமி டோரத்தி கதவைத் திறக்கிறாள். வெளியே சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஓர் ஊர், ஓஸ்.

வண்ணத்துக்கு மாறும் அந்த இடத்தில் வெட்டு இல்லை என்பதைக் கவனியுங்கள். பழுப்பு அறையும் வண்ண ஊரும் ஒரே ஃப்ரேமுக்குள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அன்றைய ஃபிலிம் வேதியியலை அறிந்தவருக்கு இது நடக்கக் கூடாத காரியம்.

ஏன் என்று புரிய, பழுப்பு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். கன்சாஸ் காட்சிகளை எடுத்தது சாதாரணக் கறுப்பு வெள்ளை நெகட்டிவில். (இவற்றை இயக்கியவர் கிங் விடார், படத்தின் டைட்டிலில் இருக்கும் பெயர் விக்டர் ஃபிளெமிங்.) திரையரங்குக்குப் போகும் பிரின்ட்டைத்தான் தொட்டியில் இட்டுப் பழுப்பாக்கினார்கள். இதற்கு டோனிங் என்று பெயர். பரவலான சல்ஃபைடு முறையில் முதல் தொட்டியில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் பொட்டாசியம் புரோமைடும் இருக்கும். உருவத்தைத் தாங்கும் கரிய வெள்ளித் துகள்கள் அதில் வெள்ளி புரோமைடாக மாறி வெளிறிவிடும். நன்றாகக் கழுவி, அடுத்து சோடியம் சல்ஃபைடு கரைசலில் இட்டால் வெள்ளி சல்ஃபைடாகிப் பழுப்பு நிறத்தில் உருவம் திரும்பி வரும். முதல் தொட்டியிலிருந்து அவசரமாக எடுத்தால் அடர்ந்த பகுதிகள் கறுப்பாகவே நின்றுவிடும். இடையில் கழுவியது போதாவிட்டால் திட்டுத் திட்டாகக் கறை படியும்.

டோனிங்கில் வெள்ளி இருக்கும் இடம் மட்டுமே நிறம் மாறும். நிழல்கள் பழுப்பாகும், வெளிச்சம் வெளிச்சமாகவே இருக்கும். அதனால்தான் கன்சாஸ் வானம் அழுக்காகத் தெரியாமல் காய்ந்து வெளுத்த மாதிரி தெரிகிறது. ஆனால் தொட்டியில் ஃபிலிம் முழுதாக முங்குகிறது. பாதி ஃப்ரேமை மட்டும் முக்கி எடுக்க வழியில்லை.

கதவுக்கு வருமுன் அந்தச் சுழற்காற்று. சிறப்புக் காட்சிகளுக்குப் பொறுப்பேற்றிருந்த ஆர்னால்டு கில்லெஸ்பி முதலில் ரப்பரில் ஒரு கூம்பு செய்து சுழற்றிப் பார்த்தார். அது விறைப்பாகச் சுழன்றதே தவிர முறுக்கிக்கொள்ளவில்லை. நெளியாத சுழற்காற்றை யாரும் நம்பமாட்டார்கள். அடுத்த யோசனை விமான நிலையத்தில் காற்றின் திசை காட்டப் பறக்குமே, அந்தத் துணிக்குழாயிலிருந்து வந்தது. 35 அடி நீளத்துக்கு மஸ்லின் துணியில் மேலே அகன்று கீழே குறுகும் ஒரு குழாயைத் தைத்தார்கள். மேல்முனை அரங்கத்தின் கூரையையொட்டி ஓடும் கிரேன் வண்டியில். கீழ்முனை மேடைத் தரையில் வெட்டிய பிளவின் வழியே அடியில் நகரும் சிறு வண்டியில். இரண்டு வண்டிகளையும் வெவ்வேறு திசையில், வெவ்வேறு வேகத்தில் இழுத்தால் குழாய் பாம்பாக நெளியும். முதலில் அப்படி இழுத்தபோது துணி அடியில் கிழிந்து பிய்ந்துவிட்டது. பியானோ கம்பி கொடுத்துப் பலப்படுத்திய பிறகே தாங்கியது.

துணி துணியாகத் தெரியக் கூடாதே. அதற்கு உதவியது நம் வீடுகளில் முகத்தில் பூசும் முல்தானி மட்டி வகைக் களிமண் தூள். குழாயின் அடியில் அழுத்தக் காற்றால் அதைப் பீய்ச்சினார்கள்; தரையைத் தொடும் இடத்தில் புழுதி மேகம் எழுந்தது. மஸ்லினின் இழைகளுக்கிடையே கொஞ்சம் தூள் கசிந்து வெளியே வந்து, குழாயின் விளிம்பை மங்கலாக்கியது. ரப்பரில் இது நடந்திருக்காது. கூர்மையான விளிம்புதான் மினியேச்சரை, அதாவது சிறிய மாதிரியை, காட்டிக்கொடுக்கும் முதல் குற்றவாளி. கேமராவுக்கு முன்னால் சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டிய இரண்டு கண்ணாடிப் பலகைகளை எதிரெதிர்த் திசையில் நகர்த்தி மேகமாக்கியதும், அரங்கத்தின் மேற்பகுதியை மறைத்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

மினியேச்சரில் இன்னொரு சிக்கல் காலம். சின்ன உருவத்தில் புழுதி சீக்கிரம் கீழே விழுந்துவிடும். பார்த்ததும் பொம்மை என்று தெரிந்துவிடும். அளவு எத்தனை மடங்கு சிறியதோ, அதன் வர்க்கமூலம் அளவுக்கு ஃப்ரேம் வேகத்தைக் கூட்டுவது பொது விதி. 1:16 அளவு என்றால் நான்கு மடங்கு: நொடிக்கு 24க்குப் பதில் 96 ஃப்ரேம்.

இப்படி எடுத்த ஃபிலிமை ஒளி ஊடுருவும் திரையில் பின்னாலிருந்து பாய்ச்சி, முன்னால் காற்று விசிறியால் சருகும் தூசும் பறக்க, டோரத்தியாக நடித்த ஜூடி கார்லண்டை ஓடவிட்டார்கள். பேக் ப்ரொஜெக்‌ஷனில் கேமராவின் ஷட்டரும் ப்ரொஜெக்டரின் ஷட்டரும் ஒரே தாளத்தில் திறக்காவிட்டால் பின்னணி துடிக்கும். முன்விளக்கின் ஒளி திரையில் சிந்தினால் கறுப்பு வெளுத்துப்போகும். திரையிலிருந்து வரும் ஒளி குறைவு என்பதால் கறுப்பு வெள்ளை ஃபிலிம் இங்கே பெரும் உதவி. அன்றைய வண்ணப்பட முறையான டெக்னிகலருக்கு இதைவிடப் பல மடங்கு ஒளி வேண்டும். பறந்த வீடு கீழே விழும் ஷாட் எளிய தந்திரம்: தரையில் வானத்தை வரைந்து, அதன் மேல் பொம்மை வீட்டை விழவிட்டுப் படமெடுத்து, அந்த ஃபிலிமைப் பின்னோக்கி ஓட்டினார்கள்.

இனி கதவு. டெக்னிகலர் கேமராவுக்குள் மூன்று நெகட்டிவ்கள் ஓடும். லென்சுக்குப் பின்னால் இருக்கும் பட்டகம் ஒளியை இரண்டாகப் பிரிக்கும். ஒரு பங்கு பச்சைக்கான ஃபிலிமுக்கு, மறுபங்கு முகத்தோடு முகமாக ஒட்டி ஓடும் நீல, சிவப்பு ஃபிலிம்களுக்கு. இப்படிப் பங்கு போட்டதில் ஒளி கரைந்துவிட, விளக்குகளைக் குவித்தார்கள். அரங்க வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. கன்சாஸ் பிரின்ட்டில் வெள்ளிச் சேர்மம், ஓஸ் பிரின்ட்டில் சாயம். இரண்டும் வெவ்வேறு ஃபிலிம் துண்டுகள். ஒட்டலாம், கலக்க முடியாது.

ஆகவே கதவு ஷாட் முழுவதையும் டெக்னிகலரிலேயே எடுத்து, பழுப்பை செட்டில் பூசினார்கள். சுவர், கதவு, சட்டம் எல்லாவற்றுக்கும் பழுப்புப் பெயின்ட். கேமராவுக்கு முதுகு காட்டி நடப்பது கார்லண்ட் அல்ல, அவருடைய டூப் பாபி கோஷே. அதே கட்டம் போட்ட கவுன், ஆனால் பழுப்பில் தைத்தது. அவர் கதவைத் திறந்து ஃப்ரேமிலிருந்து ஒதுங்குகிறார். கேமரா வாசலை நோக்கி நகர்கிறது. நீலக் கவுனில் கார்லண்ட் உள்ளே வருகிறார். ஒட்டு விழுவது இதற்குச் சற்று முன்னால், யாரும் எதிர்பார்க்காத இடத்தில்.

அந்த நீலம் கண்ணில் அடிப்பதற்கு உடலியல் காரணமும் உண்டு. இருபது நிமிடம் மஞ்சள் கலந்த பழுப்பையே பார்த்த விழித்திரையில், நீல ஒளிக்கான கூம்பு செல்களுக்கு வேலை குறைவு. அவற்றின் உணர்திறன் மற்றவற்றைவிட ஏறியிருக்கும். பழுப்புக்கு எதிர் நிறமான நீலம் அந்தக் கண்ணுக்கு உள்ளதைவிட அடர்த்தியாகத் தெரியும்.

1949 மறுவெளியீட்டில் டோனிங்கை விட்டுவிட்டு, கன்சாஸ் பகுதியை வெறும் கறுப்பு வெள்ளையிலேயே பிரின்ட் போட்டார்கள். 1989இல் பழுப்பு திரும்பும்வரை மக்கள் பார்த்தது பெரும்பாலும் அதைத்தான். அந்தப் பிரதிகளில், சாம்பல் நிறத்தில் இருந்த அறை டோரத்தி கதவை நெருங்கியதும் சட்டென்று பழுப்பாகிவிடும். கதவு இன்னும் திறந்தே இருக்காது.