ஆர்வியில் டிவி: பேட்டரியைத் தின்பது எது?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்ஸைட் என்றொரு சிற்றூர். குளிர்காலம் வந்தால் அதைச் சுற்றியுள்ள பாலைவனத்தில் ஆர்வி எனும் வீட்டு வண்டிகள் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். வெட்டவெளியில் கரண்ட் ஏது? ராத்திரி டிவி பார்க்க வண்டியிலுள்ள 12 வோல்ட் பேட்டரிதான் கதி.

32 அங்குல எல்இடி டிவி ஏறக்குறைய 40 வாட் எடுக்கும். வழியில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 4 ஆம்பியர். 3 மணி நேரத்துக்கு 12 ஆம்பியர்-மணி (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கினால் வரும் கணக்கு). 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே செலவழிக்கக் கிடைப்பது 50தான். அதிலும் டிவிக்குப் போவது கால்வாசி. எரிவாயு ஹீட்டரின் விசிறி ஓடும்போது 7, 8 ஆம்பியர் இழுக்கிறது. அதோடு பார்த்தால் டிவி பரம சாது.

வில்லன் நடுவில் இருக்கிறது. பேட்டரி தருவது டிசி எனும் நேர்மின்சாரம், அமெரிக்க வீட்டு டிவி கேட்பது 120 வோல்ட் ஏசி எனும் மாறுமின்சாரம். இன்வெர்ட்டர் பாடுபட்டு ஏசியாக்கிக் கொடுக்க, டிவிக்குள்ளிருக்கும் பவர் சப்ளை போர்டு அதை மறுபடி டிசியாக்கி இறக்குகிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. இன்வெர்ட்டரில் மட்டும் 10, 15 சதவீதம் வெப்பமாகப் போகும்.

அதைக்கூட மன்னிக்கலாம். 2000 வாட் இன்வெர்ட்டர் எதையும் ஓட்டாமல் சும்மா ஆனில் இருப்பதற்கே 1 முதல் 2 ஆம்பியர் வரை எடுக்கும். டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டு இன்வெர்ட்டரை மறந்தால், ஒரு நாளில் குறைந்தது 24 ஆம்பியர்-மணி காலி. டிவி பார்த்த செலவைப் போல இரண்டு மடங்கு! நம் வீட்டு இன்வெர்ட்டரில் இது உறைப்பதில்லை, கரண்ட் வந்ததும் பேட்டரி நிரம்பிவிடும் அல்லவா.

டிவிக்கென்று 150, 200 வாட்டில் சின்ன இன்வெர்ட்டர் வைப்பது ஒரு வழி. நேராக 12 வோல்ட்டில் ஓடும் டிவி வாங்குவது அதைவிட மேல். திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட்டைக் குறைத்தாலும் பலன் உண்டு, திரை தின்னும் மின்சாரத்தில் பெரும்பங்கு அந்த விளக்குகளுக்கே.

ஆனால் '12 வோல்ட்' என்பது பெயரளவில்தான். சார்ஜ் ஏறும்போது 14.4ஐத் தொடும், வடிந்தால் 11 பக்கம் வரும். வண்டிக்கென்றே செய்த டிவி இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். அடாப்டரில் ஓடும் வீட்டு டிவியை நேரடியாகச் சொருகுமுன் நடுவே வோல்ட்டேஜைச் சீராக வைக்கும் ஒரு டிசி ரெகுலேட்டர் போடுவது நல்லது. வயரும் தடிமனாக இருக்கட்டும். அதே 40 வாட்டுக்கு 120 வோல்ட்டைவிட 10 மடங்கு ஆம்பியர் ஓடுவதால், மெல்லிய வயரை நீளமாக இழுத்தால் வோல்ட்டேஜ் வழியிலேயே இறங்கி, பேட்டரியில் சார்ஜ் மிச்சமிருக்கும்போதே டிவி அணைந்து அணைந்து எரியும்.