சுரண்டிய இடத்தில் என்ன இருந்தது?

பழைய ஆவணங்களைச் செப்பனிடுவது என் தொழில். வீட்டுப் பத்திரத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "கறையை எல்லாம் எடுத்துப் புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்க சார்." எனக்கு உடனே மேத்யூ பாரிஸ் நினைவுக்கு வந்துவிடுவார்.

இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் 1217-இல் சேர்ந்த பெனடிக்டின் துறவி அவர். 1259-இல் இறக்கும்வரை காலவரலாறு எழுதினார், படங்களையும் தானே போட்டார். 1255-இல் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி, இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றிக்கு ஒரு யானையை அனுப்பினார். அதை நேரில் பார்த்து வரைந்த மேத்யூ, யானையின் அளவு விளங்கட்டும் என்று பாகனையும் கூடவே வரைந்தார்.

யானையைவிட எனக்குப் பிடித்தது அவருடைய தயக்கம். மன்னர் ஹென்றியைப் பற்றிக் காரசாரமாக எழுதிய பகுதிகளின் ஓரத்தில், 'இது மனம் புண்படுத்தும்' என்ற பொருளில் பிற்காலத்தில் லத்தீனில் குறித்துவைத்தார். சில வரிகளைச் சுரண்டியும் எடுத்தார். எழுதியது பதப்படுத்திய விலங்குத்தோலில், அதனால் கத்தி வேலை செய்யும். சுரண்டிய தோலின் மேல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், அந்த இடம் மட்டும் சொரசொரவென்று எழும்பித் தெரியும். யாராவது 'சுத்தம்' செய்து மட்டமாக்கியிருந்தால் அந்தத் தயக்கமும் போயிருக்கும்.

அப்புறம் மை. அக்கால ஐரோப்பிய மடங்களில் மாசிக்காய் (ஓக் மரத்தில் உண்டாகும் காய் போன்ற கட்டி), அன்னபேதி (ஒருவகை இரும்பு உப்பு), வேலம்பிசின் சேர்த்துத்தான் மை காய்ச்சினார்கள். எல்லாம் நம் நாட்டு மருந்துக் கடைச் சரக்கு! இந்த மையில் அமிலம் உண்டு. சுண்ணாம்பில் ஊறிய தோல் அதை ஓரளவு தாங்கிக்கொள்ளும். தாள் தாங்காது, எழுத்து இருந்த இடம் பழுப்பேறிப் பொடிந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டுப் பத்திரங்கள் பலவற்றிலும் இதே வகை மைதான். ஈரத்துணியால் துடைத்தால் அமிலம் சுற்றிலும் பரவும். செல்லோடேப்பின் பசை தாளுக்குள் இறங்கிக் கறையாகும். மடிக்காமல், அமிலமில்லாத உறையில், ஈரம் படாத அலமாரியில் வையுங்கள்.

லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். போன வருடம் ஒருவர் பாட்டனார் காலத்துப் பத்திரம் கொண்டுவந்தார். பங்காளிகளின் பெயர் வரிசையில் ஒரு பெயர் சுரண்டப்பட்டிருந்தது. யார் பெயர் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். ஆனால் கடையில் கொடுத்து, சூடேற்றி, பிளாஸ்டிக் ஒட்டியாகிவிட்டது. டார்ச்சை எந்தப் பக்கம் சாய்த்தாலும் பிளாஸ்டிக்தான் பளபளத்தது.