கழகம்: கவறாடும் களத்திலிருந்து வீட்டுக்கடன் வரை

‘பழகிய செல்வமும் பண்பும் கெடுக்கும் கழகத்துக் காலை புகின்’ என்று வள்ளுவர் எச்சரித்தபோது அவர் மனத்தில் இருந்தது சூதாடும் இடம். இன்று அதே சொல்லை, ஏழைகளுக்கு வீடு கட்டப் பணம் தரும் அரசு நிறுவனத்தின் பெயரில் எழுதுகிறோம்: வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற மேம்பாட்டுக் கழகம். வாய்க்கு எளிதாக, ஹட்கோ. ஆங்கிலப் பெயரில் ‘கார்ப்பரேஷன்’ இருக்கும் இடத்தில்தான் தமிழில் கழகம்.

சொல்லின் மேல் குற்றமில்லை. பலர் கூடும் இடம் கழகம். கூடியவர்கள் கவறு உருட்டினால் சூதுக் கழகம், பாடம் படித்தால் கல்விக் கழகம். கம்பர் கோசல நாட்டை வருணிக்கும்போது ‘கலைதெரி கழகம்’ என்கிறார். அங்கே சூதின் வாடையே இல்லை. பல்கலைக்கழகம் என்ற சொல் கம்பர் வழியில்தான் நிற்கிறது. அரசியல் கட்சிகள் வந்த பிறகு தமிழ்நாட்டில் அடைமொழி இல்லாமல் ‘கழகம்’ என்றால் என்ன பொருள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கார்ப்பரேஷன் என்ற ஆங்கிலச் சொல் வேறொரு வேரிலிருந்து முளைத்தது. லத்தீனில் ‘கார்ப்பஸ்’ என்றால் உடல். பல பேர் சேர்ந்து ஓர் உடலாகி, சட்டத்தின் கண்ணுக்கு ஒரே ஆளாகத் தெரிவது கார்ப்பரேஷன். அந்த ஆள் தன் பெயரில் சொத்து வாங்கலாம், வழக்குப் போடலாம்; அவன் மேலும் வழக்குப் போடலாம். உள்ளே இருக்கும் மனிதர்கள் மாறினாலும் இறந்தாலும் அவன் சாவதில்லை. கழகம் என்ற சொல்லில் கூட்டம் இருக்கிறது, உடல் இல்லை. இலங்கைத் தமிழர் பயன்படுத்தும் ‘கூட்டுத்தாபனம்’ (ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் நினைவுக்கு வரலாம்) இந்த வகையில் சற்றுக் கெட்டிக்காரச் சொல்: கூட்டும் இருக்கிறது, நிலையாக நிறுவப்பட்ட ஒன்று என்பதும் இருக்கிறது. ஓசைதான் கொஞ்சம் கரடுமுரடு.

தமிழ்நாட்டில் ஊரை ஆளும் கார்ப்பரேஷன் மாநகராட்சி ஆயிற்று. பஸ் ஓட்டும் கார்ப்பரேஷன் கழகம் ஆயிற்று. சிங்கப்பூரிலோ கதை தலைகீழ். அங்கே 1960இல் அமைந்த வீட்டு வாரியத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது ‘போர்டு’. தமிழில் அது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், சுருக்கமாக வீவக. பெயரை மட்டும் பார்த்து, உள்ளே ஆட்சி எப்படி நடக்கிறது என்று யாரும் ஊகிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

ஹட்கோவின் பெயரிலும் அப்படி ஒரு மயக்கம் உண்டு. நம் வணிகவியல் பாடநூல்கள் அரசின் தொழில் அமைப்புகளை மூன்றாகப் பிரிக்கும்: துறைவாரி அமைப்பு, பொதுக் கழகம், அரசு நிறுமம். பொதுக் கழகம் என்றால் தனிச் சட்டத்தால் பிறந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஆயுள் காப்பீட்டுக் கழகம் போல. அதன் அதிகாரமும் எல்லையும் அந்தச் சட்டத்திலேயே இருக்கும்; மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும். அரசு நிறுமம் அப்படியல்ல. மற்ற கம்பெனிகளைப் போலவே கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவாகும்; பங்கு மூலதனத்தில் குறைந்தது 51 சதவீதம் அரசிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1970 ஏப்ரல் 25 அன்று 2 கோடி ரூபாய் மூலதனத்துடன் ஹட்கோ பதிவானது இப்படித்தான். ஆக, பெயரில் கழகம், பிறப்பில் நிறுமம்.

பிறப்பு எதுவாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். கடிவாளம் யார் கையில் என்பது அதைப் பொறுத்தது. ஹட்கோவை நடத்துவது அதன் செயல்முறை விதிகளும் கம்பெனிச் சட்டமும். அரசின் பங்குகள் குடியரசுத் தலைவர் பெயரில் இருக்கின்றன; இயக்குநர்களை நியமிப்பதும் அவர் பெயரில்தான், நடைமுறையில் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகத்தின் வழியாக. தலைவரும் மேலாண்மை இயக்குநரும் ஒருவரே. அவருடன் முழுநேர இயக்குநர்கள், அமைச்சகம் அனுப்பும் அதிகாரிகள், வெளியிலிருந்து வரும் சுயேச்சை இயக்குநர்கள் அமர்வார்கள். 2017 மே மாதம் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டபின் பங்குச் சந்தையின் விதிகளும் மேலே ஏறிக்கொண்டன. கணக்கைப் பார்க்கும் தணிக்கையாளரை நியமிப்பது பங்குதாரர் கூட்டம் அல்ல, இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படும். 22 உறுப்பினர்கள் கொண்ட பொதுத்துறை நிறுவனங்கள் குழு கூப்பிட்டுக் கேள்வி கேட்கலாம்.

தொடக்கத்தில் இதன் பெயரில் ‘நிதி’ என்ற சொல்லும் இருந்தது. 1974இல் அது உதிர்ந்தது. உதிர்ந்ததால் இன்று பலரும் ஹட்கோவே வீடு கட்டுவதாக நினைக்கிறார்கள். அதன் முதன்மை வேலை கடன் தருவது. செங்கல் அடுக்குவது பெரும்பாலும் மாநில வீட்டுவசதி வாரியங்கள் போன்ற அமைப்புகள்.

இந்த வாரியம் என்ற சொல்லுக்குக் கழகத்தைவிடத் தெளிவான ஆட்சி வரலாறு உண்டு. உத்திரமேரூரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையில் தேர்ந்த 30 பேரைச் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6 எனப் பிரிக்கின்றன. அது பிராமணர் ஊர், வேதப் படிப்பும் தகுதிகளுள் ஒன்று. எல்லோருக்குமான மக்களாட்சி என்று மேடையில் முழங்குவது மிகை. ஆனால் பொறுப்பை வரையறுத்த கண்டிப்பு வியக்க வைக்கிறது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடத்தில் பெயர் போடத் தகுதியற்றவர்.

எனவே ‘போர்டு’ என்பதற்கு வாரியம் பொருத்தமே, அமைப்பையே குறிக்கும்போது. அமைப்பின் உள்ளே அமரும் ‘போர்டு’க்கும் அதையே போட்டு ‘இயக்குநர் வாரியம்’ என்று நாளிதழ்கள் எழுதும்போதுதான் சிக்கல்: வீட்டுவசதி வாரியத்தின் வாரியக் கூட்டம் என்று எழுத நேரும். உள்ளே இருப்பதை இயக்குநர் குழு என்றால் தீர்ந்தது. ஹட்கோவின் பெயரில் கழகம் ஊன்றிவிட்டது, இனிப் பிடுங்க வேண்டாம். அதன் வகையைச் சொல்லும் இடத்தில் மட்டும் ‘அரசு நிறுமம்’ என்று எழுதலாம். உத்திரமேரூர்த் தகுதிப் பட்டியலில் இன்னொரு வரியும் இருக்கிறது. வாரியத்துக்கு வருபவர் தன் சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருப்பவராக இருக்க வேண்டுமாம்.